எமுலேட் கல்லீரல் சிப், சோயி கருவி: மீடியா, பிளாஸ்டிக், சீரம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த ஒரு விமர்சனம்

ஒரு பென்சில் பேட்டரி அளவுதான் இருக்கும். தண்ணீர் போலத் தெளிந்த சிலிகோன் துண்டு. உள்ளே இரண்டு கால்வாய்கள். மேல் கால்வாய் 1 மிமீ அகலம், 1 மிமீ உயரம். கீழ்க் கால்வாய் அதே அகலம், உயரம் மட்டும் 0.2 மிமீ. இரண்டுக்கும் நடுவே 50 மைக்ரான் தடிப்பில் ஒரு சவ்வு, அதில் வரிசையாக 7 மைக்ரான் துளைகள். மேலே மனிதக் கல்லீரல் செல்கள் அமர்கின்றன. கீழே ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்கள், குப்ஃபர் செல்கள் (கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்கள்), ஸ்டெல்லேட் செல்கள் (காயம் பட்டால் தழும்பு உண்டாக்குபவை). பாஸ்டனில் இயங்கும் எமுலேட் நிறுவனத்தின் கல்லீரல் சிப் இதுதான். 2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டான் ஹூவும் டொனால்ட் இங்பரும் செய்துகாட்டிய நுரையீரல் சிப்பின் வழிவந்தது.

சிப் தனியாக வேலை செய்யாது. அதை 'பாட்' என்ற பிளாஸ்டிக் தொட்டியில் செருக வேண்டும். மீடியா, அதாவது செல்களை வாழவைக்கும் ஊட்டத் திரவம், ஊற்றும் அறைகளும் வெளியேறும் மீடியா சேரும் அறைகளும் அந்தத் தொட்டியில்தான் உள்ளன. பன்னிரண்டு பாட்கள் ஒரு 'சோயி' பெட்டிக்குள் போகும், சோயி இன்குபேட்டருக்குள் போகும். வெளியே மேசைமேல் உள்ள 'ஆர்ப்' என்ற பெட்டி நான்கு சோயிகளுக்கு மின்சாரம், வாயு, வெற்றிடம் மூன்றையும் கொடுக்கும். சிப்பும் பாட்டும் ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட வேண்டியவை.

இந்த விமர்சனத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விலங்குச் சோதனையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் இந்தக் கருவி, எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் நீடித்து நிற்கக்கூடிய வழிதானா? எங்கள் பதில்: ஆம், ஆனால் சரியான இடத்தில், சரியான வரிசையில் பயன்படுத்தினால் மட்டும். எல்லா மருந்தையும் இதில் போட்டுப் பார்ப்பது வீண். விலங்குச் சோதனை எல்லாம் முடிந்தபின் 'இதையும் ஒருமுறை பார்ப்போம்' என்று ஓட்டுவது அதைவிடப் பெரிய வீண்.

முதலில், ஏன் கல்லீரல்? விலங்குகள் நம்மை அதிகம் ஏமாற்றிய உறுப்புகளில் அதுவும் ஒன்று. 1993-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவச் சோதனையில் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியலுரிடின் கொடுக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கல்லீரல் மாற்று சிகிச்சையால் பிழைத்தார்கள். அதற்கு முன் நடந்த விலங்குச் சோதனைகள் இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட மருந்தை முன்கூட்டியே பிடிக்கும் கருவி இருந்தால், அதற்குச் செலவாகும் பிளாஸ்டிக்கைப் பற்றி நியாயமாகப் பேச முடியும். பிடிக்காவிட்டால் அது வெறும் குப்பை.

பிடிக்கிறதா? 2022-இல் வெளியான ஆய்வில் 870 கல்லீரல் சிப்களில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். நச்சு மருந்துகளைக் கண்டுபிடிக்கும் திறன் 87%. நச்சில்லாத மருந்தை நச்சு என்று தவறாகச் சொன்னது ஒன்றுகூட இல்லை. ஆய்வை நடத்தியதில் நிறுவனத்தின் சொந்த ஆட்களே பெரும்பான்மை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் தவறான எச்சரிக்கை இல்லை என்பது பெரிய விஷயம். நல்ல மருந்து ஒன்று தவறாகக் கைவிடப்பட்டால் அதற்கு முன் செலவான விலங்குகளும் பொருள்களும் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிப்பை, புதுவகை மருந்து மதிப்பீட்டுக் கருவிகளுக்கான தன் ஐஸ்டாண்ட் முன்னோட்டத் திட்டத்தில் ஏற்றது. உறுப்புச் சிப் ஒன்று அதில் நுழைந்தது அதுவே முதல் தடவை. தகுதிச் சான்றுக்கான பாதையின் தொடக்கம் அது. இதைச் சான்று கிடைத்துவிட்டது என்று விற்பனையாளர் யாராவது பேசினால் திருத்துங்கள்.

இனி கணக்கு. சோயியில் வழக்கமான ஓட்டம் ஒரு கால்வாய்க்கு மணிக்கு 30 மைக்ரோலிட்டர். ஒரு நாளைக்கு 720 மைக்ரோலிட்டர். இரண்டு கால்வாய்க்கும் சேர்த்து ஒரு சிப் ஒரு நாளில் 1.44 மில்லி மீடியா குடிக்கிறது. இரண்டு வாரத்தில் 20 மில்லிக்குச் சற்று மேல். அதே இரண்டு வாரம், செல் வளர்க்கும் சாதாரண 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு நாளுக்கு 100 மைக்ரோலிட்டர் மாற்றினால் மொத்தம் 1.4 மில்லி. ஆக, ஒரு சிப்பின் தாகம் ஒரு குழியின் தாகத்தைப் போலப் பதினான்கு மடங்கு.

ஒரு மருந்துக்கு ஒழுங்கான சோதனை என்றால் ஆறு செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று சிப். கரைப்பான் மட்டும் போட்டது மூன்று. நச்சு என்று ஏற்கெனவே தெரிந்த மருந்து போட்டது மூன்று. 24 ஆயிற்று. வழியில் போய்விடும் என்று கூடுதலாக இரண்டு. செல் இல்லாத வெற்றுச் சிப் நான்கு, அவை எதற்கு என்று பின்னால் வருகிறது. மொத்தம் முப்பது. செல் உள்ள 26 சிப் இரண்டு வாரம் ஓடினால், கால்வாய்களுக்குள் பாயும் மீடியா மட்டும் 524 மில்லி.

ஆனால் ஆய்வகத்தில் உண்மையில் செலவாவது இதைவிட அதிகம், காரணம் பழக்கம். முதல் நாள் பாட்டின் உள்ளீட்டு அறைகளில் 3 மில்லி வீதம் ஊற்ற வேண்டும், வெளியேறும் அறைகளில் 300 மைக்ரோலிட்டர் வீதம். அந்த 3 மில்லி மனத்தில் பதிந்துவிடுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றும்போதும் அதே 3 மில்லி ஊற்றுகிறார்கள். இரண்டு நாளில் 1.44 மில்லிதான் ஓடியிருக்கும், மீதி 1.56 மில்லியை உறிஞ்சிக் கொட்டுகிறார்கள். பாதிக்கு மேல் சாக்கடைக்கு. இப்படியே ஓட்டினால் 26 சிப்புக்கு இரண்டு வாரத்தில் சுமார் 1.1 லிட்டர். மாற்றும்போது 2 மில்லி ஊற்றினால், அறை வறண்டு போகாமல் அரை மில்லிக்கு மேல் மிச்சம் நிற்கும், மொத்தச் செலவும் 800 மில்லிக்குள் அடங்கும். கல்லீரல் செல் மீடியா விலை தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தின் அருமை புரியும்.

சீரம் பற்றி நேர்மையாகப் பேச வேண்டிய இடம் இது. விலங்கை முன்வாசலில் அனுப்பிவிட்டுப் பின்வாசலில் கூப்பிடுகிறோமா என்ற கேள்வி எழுகிறது. மீடியாவில் உள்ள சீரம் பசுவின் வயிற்றுக் கன்றின் ரத்தத்திலிருந்து வருவது. சவ்வின்மேல் பூசும் கொலாஜன் பெரும்பாலும் எலி வாலிலிருந்து. கல்லீரல் செல்கள்மேல் போர்த்தும் மேட்ரிஜெல், சுண்டெலியில் வளர்த்த ஒரு கட்டியிலிருந்து பிரித்தெடுப்பது. 'விலங்கற்ற முறை' என்ற சொல்லை இந்தச் சிப்புக்கு முழுதாகக் கொடுக்க முடியாது.

ஆனால் அளவைப் பாருங்கள். மீடியாவில் 2% சீரம் என்று வைத்தால் 800 மில்லிக்கு 16 மில்லி. ஒரு கன்றுக் கருவிலிருந்து அதன் வயதைப் பொறுத்து 150 முதல் 550 மில்லி சீரம் கிடைக்கும். மேட்ரிஜெல்லை மில்லிக்கு 250 மைக்ரோகிராம் செறிவில் 50 மைக்ரோலிட்டர் போட்டால் ஒரு சிப்புக்கு 12.5 மைக்ரோகிராம்தான், 26 சிப்புக்கும் சேர்த்து ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு எதிரே, எலிகளில் 28 நாள் தொடர் நச்சுச் சோதனைக்கான, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 407-ஆம் நெறிமுறை ஒரு குழுவுக்குக் குறைந்தது பத்து விலங்கு கேட்கிறது. மூன்று அளவு, ஒரு கட்டுப்பாட்டுக் குழு என்றால் நாற்பது எலிகள். எலி ஒன்று நாளுக்கு 20 கிராம் தின்றால் தீவனம் மட்டும் 22 கிலோ. எலி அறையின் காற்றை மணிக்குப் பத்துப் பதினைந்து முறை புதிதாக மாற்ற வேண்டும், அந்த மின்சாரம் தனி.

ஆகவே கல்லீரல் சிப்பில் ஒளிந்திருக்கும் விலங்கு இருக்கிறது, சிறிதாக இருக்கிறது. இந்தக் கணக்கு உண்மையில் பெரிதாகும் இடம் குடல் சிப். குடல் ஆர்கனாய்டுகளை (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த குட்டிக் குடல் உருண்டைகளை) சிப்புக்குள் வைக்கும் முன் வாரக்கணக்கில் மேட்ரிஜெல் சொட்டுகளில் வளர்த்துப் பெருக்க வேண்டும். 24 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் சொட்டு என்றால் ஒரு தட்டுக்கு 1.2 மில்லி, அதுவும் சுமார் வாரத்துக்கு ஒருமுறை பிரித்து நடும் ஒவ்வொரு தடவையும். நீர்க்காத மேட்ரிஜெல் அது. 26 கல்லீரல் சிப்புக்குச் செலவாகும் அளவை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. சிப்பில் என்ன போகிறது என்று மட்டும் பார்த்து 'விலங்கு மிச்சம்' என்று அறிக்கை எழுதுபவர்கள் சிப்புக்கு முந்தைய அந்த வாரங்களையும் சேர்த்துக் கணக்கெழுத வேண்டும்.

மனிதச் செல்லும் கணக்கில் வர வேண்டிய பொருள்தான். மாற்று அறுவைக்குப் பயன்படாத கல்லீரல்களிலிருந்து பிரித்து, உறைய வைத்துக் குப்பிகளில் விற்கிறார்கள். ஒரு கொடையாளியின் செல் தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி கிடைக்காது. மில்லிக்கு 35 லட்சம் செல் என்ற அடர்த்தியில் 50 மைக்ரோலிட்டர் போட்டால் ஒரு சிப்புக்கு 1.75 லட்சம். 26 சிப்புக்கு 45.5 லட்சம். 50 லட்சம் செல் உள்ள குப்பி ஒன்று இழுத்துப் பிடித்தால் போதும். கழுவும்போது இழப்பு வரும், அதனால் இரண்டாவது குப்பி நைட்ரஜன் தொட்டியில் தயாராக இருக்கட்டும், தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள். ஸ்டெம் செல்லிலிருந்து செய்த கல்லீரல் செல் தீராத ஊற்று போலத் தோன்றும். ஆனால் அது இன்னும் கருவிலுள்ள குழந்தையின் கல்லீரலைப் போலவே நடந்துகொள்கிறது. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் அதில் போதிய அளவு இல்லை. நச்சுத் தீர்ப்புக்கு இப்போதைக்கு அதை நம்ப வேண்டாம்.

இப்போது சிப்பின் உடம்பு. பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பர் அது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. ஆக்சிஜன் அதனூடே எளிதில் நுழையும், கல்லீரல் செல் ஆக்சிஜனுக்கு அலையும் செல். தெளிவாக இருப்பதால் நுண்ணோக்கியில் பார்க்கலாம், குடல், நுரையீரல் சிப்களில் இழுத்து விரிக்கவும் முடியும். ஆனால் எண்ணெயில் கரையும் சிறு மூலக்கூறுகளை இந்த ரப்பர் பஞ்சு போல உறிஞ்சும். ஒரு மருந்து எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரையும் என்பதைக் காட்டும் லாக் பி மதிப்பு இரண்டரை, மூன்றைத் தாண்டினால் கவலைப்படத் தொடங்குங்கள். 7-ஐத் தாண்டும் அமியோடரோன் போன்ற மருந்து என்றால், நீங்கள் ஊற்றிய செறிவு வேறு, செல் பார்த்த செறிவு வேறு. இதனால் நச்சு மருந்து ஒன்று பத்திரமானது போலத் தோன்றிவிடும். இந்தத் தவறு நோயாளியிடம் போய் முடியும்.

அதற்குத்தான் அந்த நான்கு வெற்றுச் சிப். செல் இல்லாமல், மற்ற சிப்களைப் போலவே பூச்சும் மீடியாவும் கொடுத்து, மருந்தைச் சேர்த்து மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஓட்டுங்கள். 24, 48, 72 மணியில் வெளியேறும் அறையிலிருந்து மாதிரி எடுத்து நிறமாலைமானியில் அளந்து, உள்ளே போனதோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் குறைவாக வந்து மூன்றாம் நாள் உள்ளீட்டுக்குச் சமமாக வந்தால் ரப்பர் நிரம்பிவிட்டது என்று பொருள், அந்த மருந்தை நீண்ட ஓட்டத்தில் சோதிக்கலாம். மூன்றாம் நாளும் பாதிதான் வருகிறது என்றால் அந்த மருந்தை இந்தச் சிப்பில் சோதிக்காதீர்கள். இதை முழுச் சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் 26 சிப்பும் அவற்றின் செல்லும் போனபிறகுதான் உண்மை தெரியும். உறிஞ்சாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஆர்1 என்ற சிப்பும் இதே நிறுவனத்திடம் உண்டு. உறிஞ்சும் மருந்துக்கு அது நல்ல தீர்வு. ஆனால் அது விரியாது, சுவர் வழியாக ஆக்சிஜனும் அவ்வளவு வராது, ஓட்டத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

வீணாவதில் பெரும்பங்கு கைத்தவறால். அதிலும் முதலிடம் குமிழிக்கு. குளிர்ந்த மீடியாவில் வாயு அதிகம் கரைந்திருக்கும். 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போனதும் அது பிரிந்து வெளியே வரும். கீழ்க் கால்வாயின் மொத்தக் கொள்ளளவு 5.6 மைக்ரோலிட்டர்தான், உயரம் 0.2 மிமீ. அதில் கடுகில் கால் பங்கு அளவுக் குமிழி வந்தாலே வழி அடைபடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பு விளிம்போடு ஒரு முட்டை வடிவம் தெரியும். அது நகர்ந்த பாதையில் செல்கள் உரிந்து, பிறை வடிவில் வெற்றுச் சவ்வு பளிச்சென்று தெரியும். அந்தப் பிறை தெரிந்தபின் அந்தச் சிப்பைக் காப்பாற்ற நேரம் செலவிட வேண்டாம்.

தடுக்கும் வழி எளிது, ஆனால் அவசரம் கூடாது. மீடியாவைக் குறைந்தது ஒரு மணி நேரம் 37 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். பிறகு வெற்றிட வடிகட்டியில் இழுத்து, வடிந்த பிறகும் 15 நிமிடம் வெற்றிடத்திலேயே விடுங்கள். வாயு நீக்கிய மீடியாவை மறுபடி குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் செய்ததெல்லாம் வீண். சிப்பைப் பாட் தொட்டியில் செருகும் முன் சிப்பின் நான்கு துளைகள் மேலும் சின்னத் துளி மீடியா வையுங்கள். பாட்டின் அடியிலும் துளி தொங்க வேண்டும். துளி துளியைத் தொட்டுச் சேர வேண்டும், நடுவே காற்றுக்கு இடம் இருக்கக் கூடாது. இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். துளி வைத்துவிட்டு அடுத்த சிப்பைப் பார்க்கத் திரும்புவார்கள், காற்று பாயும் பாதுகாப்புப் பெட்டிக்குள் முதல் துளி காய்ந்திருக்கும்.

செருகியதும் சோயி 'ரெகுலேட்' என்ற இரண்டு மணி நேரச் சுற்றை ஓட்டும். அழுத்தம் கூட்டி மிச்சக் குமிழிகளை மீடியாவிலேயே கரைத்துவிடும் சுற்று அது. மறுநாள் பாட் துளைகளைக் கழுவி அதே சுற்றை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை நேரமில்லை என்று விடுபவர்களுக்குத்தான் நான்காம் நாள் குமிழி வருகிறது. அதோடு தினமும் வெளியேறும் அறையின் மட்டத்தைக் கண்ணால் பாருங்கள். 24 மணியில் 0.72 மில்லி ஏறியிருக்க வேண்டும். வரிசையில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அது அடைபட்டிருக்கிறது. அதற்கு மருந்து ஊற்றி மருந்தையும் வீணாக்காதீர்கள்.

பூச்சு வேலையில் ஒரு சேமிப்பு உண்டு, பலர் கவனிப்பதில்லை. புரதம் ஒட்டுவதற்காகச் சிப்பின் உட்பரப்பைத் தூண்டும் பொடி இஆர்-1. 5 மில்லிகிராம் பொடியை இஆர்-2 கரைசல் 10 மில்லியில் கரைக்க வேண்டும். ஒளி பட்டால் கெடும், எனவே அறை விளக்கை அணைத்துவிட்டு, கரைத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். சிப் ஒன்றுக்குக் கீழே 20, மேலே 50 மைக்ரோலிட்டர். பிறகு புற ஊதா விளக்கின் கீழ் 10 நிமிடம். பன்னிரண்டு சிப்புக்கு இது ஒரு மில்லிகூட ஆகாது, மீதி ஒன்பது மில்லி கொட்டப் போகிறது. ஆகவே இரண்டு குழுக்கள் சேர்ந்து ஒரே நாளில் பூச்சு போடும்படி திட்டமிடுங்கள். ஒரு குப்பியில் 48 சிப் தாராளமாக முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் கால்வாயில் குமிழி நின்றிருந்தால் அந்த இடத்தில் பூச்சு ஏறாது, செல்லும் ஒட்டாது. புற ஊதாவுக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு சிப்பையும் சாய்த்துப் பாருங்கள்.

சேமிப்பு என்று சிப்பின் பக்கம் சொல்ல வேண்டியதும் உண்டு. தட்டில் ஒவ்வொரு நாள் அளவீட்டுக்கும் ஒரு தொகுதிக் குழிகளை அழிக்கிறோம். சிப்பில் வெளியேறும் மீடியாவே தினசரி மாதிரி. அதே சிப்பின் அல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), யூரியா, ஏஎல்டி (செல் சேதமானால் கசியும் நொதி) அளவுகளை நாள்தோறும் வரிசையாகப் பார்க்கலாம். பத்து லட்சம் கல்லீரல் செல்லுக்கு நாளொன்றுக்கு அல்புமின் 20 முதல் 105 மைக்ரோகிராம் என்பது துறையில் ஒப்புக்கொண்ட வரம்பு. மருந்து போடும் முன் இந்த வரம்பைத் தொடாத சிப்பை அன்றே ஒதுக்கிவிடுங்கள். மாதிரிகளை வைக்கும் உறைபெட்டியை மைனஸ் 80-இலிருந்து மைனஸ் 70-க்கு மாற்றினால் அதன் மின்செலவு கால் பங்குக்கு மேல் குறையும், இந்த மாதிரிகளுக்கு அது போதும்.

கழிவைப் பற்றி அழகாகச் சொல்ல எதுவும் இல்லை. பிடிஎம்எஸ் ஒருமுறை இறுகினால் உருக்கி வேறு உருவம் வார்க்க முடியாத பொருள். மனிதச் செல் பட்ட சிப் உயிரியல் கழிவு. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, செல் வளர்ப்புகளும் அவற்றுக்குப் பயன்பட்ட தட்டு, கருவிகளும் இடத்திலேயே கிருமி நீக்கி, மஞ்சள் பையில், எரியூட்டலுக்கு. பாட்டும் மீடியாவோடு கலந்ததால் அதே வழிதான் போகும். மறுசுழற்சி என்ற பேச்சே இல்லை. எனவே குறைக்க வேண்டியது சிப்பின் எண்ணிக்கையை. வெளி அட்டைப்பெட்டியும் உறையும் மட்டுமே தனியாகப் பிரிக்கத் தக்கவை. அவற்றைச் செல் அறைக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே பிரித்துவிட்டால் அந்தப் பாரமாவது மஞ்சள் பைக்குப் போகாது.

மாற்று என்ன? நெதர்லாந்தின் மிமெட்டாஸ் நிறுவனத்தின் ஆர்கனோபிளேட் முற்றிலும் வேறு வழியில் யோசித்தது. 384 குழித் தட்டின் அடியிலேயே 40, 64 அல்லது 96 சிப். பம்ப் இல்லை, குழாய் இல்லை, பிடிஎம்எஸ் இல்லை. தட்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏழு டிகிரி அளவில் இப்படியும் அப்படியும் சாய்க்கும் மேடை ஒன்று, அதுதான் ஓட்டம். செல்கள் சவ்வில் இல்லாமல் நேரே கொலாஜன் ஜெல்லின் ஓரத்தில் வளர்கின்றன. சிப்புக்கு மூன்று பாதைகள் உள்ள தட்டில் சிப் ஒன்றுக்கு 200 மைக்ரோலிட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் இரண்டு வாரத்துக்கு 1.4 மில்லி. சோயியின் 20 மில்லியோடு ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக்கும் 40 சிப்புக்கு ஒரே தட்டு. கழிவு மட்டும்தான் அளவுகோல் என்றால் போட்டியே இல்லை, ஆர்கனோபிளேட்தான்.

ஆனால் ஓட்டம் இருபக்கமும் மாறி மாறிப் போகும், ரத்தம் அப்படி ஓடாது. ரத்தக்குழாய்ச் செல்கள் ஓட்டத் திசைக்கு எப்படி எதிர்வினை தருகின்றன என்பதே கேள்வியானால் இது உதவாது. செல் குறைவு, கிடைக்கும் மாதிரியும் குறைவு. ஒரே மாதிரியில் அல்புமினும் மருந்தின் சிதைவுப் பொருளும் சேர்த்து அளக்கத் திணற வேண்டும். கைவேலையில் ஜெல்தான் சோதனை: கொலாஜன் எட்டுப் பங்கு, ஹெப்பெஸ் (அமிலநிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஒன்று, சோடியம் பைகார்பனேட் ஒன்று, எல்லாம் பனிக்கட்டி மேல் கலந்து பத்து நிமிடத்துக்குள் சிப்புக்கு 2 மைக்ரோலிட்டர் வீதம் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் பிப்பெட் முனையிலேயே இறுகும். குமிழியோடு போட்டால் ஜெல் வரம்பைத் தாண்டிப் பக்கத்துப் பாதையில் வழியும், அந்தச் சிப் முடிந்தது.

எமுலேட்டும் இதை உணராமல் இல்லை. 2025-இல் கொண்டுவந்த ஏவா என்ற கருவி ஒரே ஓட்டத்தில் 96 சிப்களை எடுத்துக்கொள்கிறது, பன்னிரண்டு சிப் ஒரே தட்டாக இணைந்த வடிவில். செல்லும் மீடியாவும் பாதியாகும் என்பது நிறுவனம் சொல்வது. தனித்தனிப் பாட் போய்விட்டது என்பதே கழிவுக் கணக்கில் பெரிய முன்னேற்றம். புதிதாக வாங்குபவர் சோயியையும் ஏவாவையும் ஒரு தரவுப் புள்ளிக்கு எவ்வளவு மீடியா, எவ்வளவு எடை பிளாஸ்டிக் என்று ஒப்பிட்டு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

யாருக்கு இந்தச் சிப்? நூறு மூலக்கூறுகளை வடிகட்ட நினைப்பவருக்கு இல்லை. அந்த வேலையைத் தட்டில் வளரும் கல்லீரல் உருண்டைகள் மலிவாகச் செய்யும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் அவை 123 மருந்துகளில் நச்சானவற்றில் 69 விழுக்காட்டைப் பிடித்தன, தவறான எச்சரிக்கை இல்லாமல். அந்தச் சல்லடையில் தப்பி வந்த நான்கைந்து மருந்துக்குத்தான் சிப். அதுவும் விலங்குச் சோதனைக்கு முன்னால். அங்கே நச்சென்று தெரிந்த மருந்தை விலங்குக்குக் கொடுக்க வேண்டியதே இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமும், 2023 மார்ச்சில் இந்தியாவின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின் திருத்தமும் இந்த வரிசைக்குக் கதவு திறந்தன. இரண்டும் உறுப்புச் சிப்பைப் பெயர் சொல்லியே ஏற்கின்றன. விதி இடம் கொடுத்தும் பழைய சோதனையோடு கூடுதலாக மட்டும் சிப்பை ஓட்டினால் விலங்கும் குறையாது, பிளாஸ்டிக் மட்டும் கூடும்.

வாங்க முடிவெடுத்தால், முதல் சிப்களை மருந்துக்கு வைக்காதீர்கள். பயிற்சிக்கு ஒரு சோயி நிறைய, மலிவான செல் வரிசையோடு, ஏழு நாள் ஓட்டுங்கள். பன்னிரண்டில் குறைந்தது பத்து சிப் கடைசி நாள்வரை குமிழியின்றி வந்தால் மட்டும் மனிதச் செல்லைத் தொடுங்கள். கல்லீரல் செல் வாங்கும்போது ஒரே கொடையாளியின் செல்லில் ஒரு குப்பி மட்டும் வாங்கி, ஆறு சிப்பில் அல்புமின் வரம்பைப் பார்த்து, தேறினால் அந்தத் தொகுதியில் ஓர் ஆண்டுக்குத் தேவையான குப்பிகளை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். தேறாத தொகுதியை 26 சிப்பில் ஏற்றிய பிறகு கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தில் நேரும் மிகப் பெரிய கழிவு.